கட்டில் யார் வீட்டிலிருந்து வர வேண்டும்?



சென்ற ஷவ்வால் மாதத்தில் என் தங்கை மகனுக்கு நிகாஹ் நடைபெற்றது. அதற்காக, உளி பிடித்துப் பழக்கமில்லாத நானும் அவனும் சேர்ந்து ஒரு கட்டில் செய்தோம். ஏரியூரில் இதைக் கேள்விப்பட்டோரில் சிலர் மகிழ்ந்தனர், பலர் சிரித்தனர். "ஓதிக்கொடுக்கும் ஹஜரத்துக்கு இந்த வேலை எதற்கு? கடையில் கட்டிலா கிடைக்கவில்லை?" என்று ஜமாஅத்தார் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையிலேயே கேட்டுவிட்டார். அன்று புன்னகைத்து நகர்ந்துவிட்டேன். சொல்ல வேண்டிய பதில் சற்று நீளமானது. அதில் என் மீதான குற்றமும் அடங்கியிருக்கிறது.

நிச்சயம் பேசி முடித்து வந்த அன்று மாலை, தங்கை ஒரு தாளில் எழுதி வைத்திருந்த பட்டியலைக் காட்டினாள். கட்டில், மெத்தை, பீரோ, கண்ணாடி பதித்த மேசை. "இதை யார் கேட்டது?" என்றேன். "நாம் எதுவும் கேட்கவில்லை அண்ணே. அவர்களாகவே செய்கிறார்கள். எந்த மாடல் வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்" என்றாள்.

வரதட்சணைக்கு எதிராக நம் சமுதாயத்தில் பல்லாண்டுகளாகப் பிரச்சாரம் நடக்கிறது. அதன் பயனாக, ரொக்கம் கேட்க இன்று பலருக்கு நாக்கூசுகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கட்டிலும் பீரோவும் 'சீர்' என்ற பெயரோடு இன்றும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து இறங்குகின்றன. யாரும் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. கட்டில் வராவிட்டால் அக்கம்பக்கத்தார் என்ன பேசுவார்கள் என்பது பெண்ணைப் பெற்றவருக்கு நன்றாகத் தெரியும். அந்த அச்சமே நம் சார்பில் கேட்டுவிடுகிறது.

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மூன்று வருடத்துக்கு முன்பு என் மகளுக்குக் கட்டில், பீரோ வாங்கக் குழுக்கடன் எடுத்தேனே, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நான் கொடுத்தவள். எனக்கு வரும்போது மட்டும் மார்க்கம் பேசுகிறீர்கள்." அவள் கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தையல் இயந்திரத்தை மிதித்து, வட்டியோடு கூடிய அந்தக் கடனை வாராவாரம் கட்டியவள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்தத் திருமணத்தில் நான்தான் குத்பா ஓதினேன். வாசலில் நின்ற வண்டியிலிருந்து கட்டிலை இறக்கியபோது பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

அதைவிடப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 18 ஆண்டுகளாக நான் உறங்கும் கட்டில் என் மாமனார் கொடுத்தது. அதற்காக அவர் கறவை மாடு ஒன்றை விற்றார் என்பதே எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான், மாமியார் வாய்மொழியாகத் தெரியவந்தது. இதைப் பற்றி என் உஸ்தாத் ஒருவரிடம் மனம்விட்டுக் கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் உறைக்கிறது. பெண்ணுக்குப் பெற்றோர் மனமுவந்து கொடுத்த பொருள் பெண்ணின் சொத்து. கணவனுக்கு அதில் உரிமை கிடையாது. கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தாலோ, அது யாருக்கும் ஆகாது. ஆக, எப்படிப் பார்த்தாலும் கட்டில் என்னுடையதன்று. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "உன் கட்டிலில் உறங்க எனக்கு அனுமதி உண்டா?" என்று கேட்டேன். "பதினெட்டு வருடம் கழித்தா கேட்பது? பேசாமல் படுங்கள், காலையில் ஃபஜ்ருக்கு எழ வேண்டும்" என்றார். சிரித்துவிட்டோம். ஆனாலும் அன்று உறக்கம் வரவில்லை.

மார்க்கச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. தலாக் அத்தியாயத்தின் 6ஆவது வசனம், மனைவியரை நீங்கள் வசிக்கும் இடத்தில் உங்கள் வசதிக்கேற்பக் குடியமர்த்துமாறு ஆண்களை நோக்கியே கட்டளையிடுகிறது. நம் தமிழகத்தில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் உறைவிடமும் அதற்கு வேண்டிய படுக்கை முதலான பொருட்களும் கணவனின் பொறுப்பு. மாலிகி மத்ஹபில் மட்டும், மணப்பெண் தான் பெற்ற மஹரிலிருந்து வழக்கப்படி வீட்டுப் பொருட்களைச் செய்துகொள்வாள் என்ற கருத்து உள்ளது. அங்கும் அந்தப் பணம் மாப்பிள்ளை கொடுத்ததே. மாப்பிள்ளைக்குப் படுக்கை வாங்கித் தருவது மாமனாரின் கடமை என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை.

"நபி (ஸல்) அவர்கள் தம் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குச் சீர் கொடுக்கவில்லையா?" என்று உடனே கேட்பார்கள். நஸாயீயில் அந்த அறிவிப்பு உள்ளது. ஒரு கம்பளித் துணி, ஒரு தண்ணீர்த் தோல்பை, இத்கிர் புல் அடைத்த ஒரு தலையணை, பட்டியல் அவ்வளவுதான். அலி (ரலி) அவர்களோ நபியவர்களின் பராமரிப்பிலேயே வளர்ந்தவர். அந்த நிகாஹுக்கு அவரிடமிருந்த போர்க்கவசத்தை மஹராகக் கொடுக்கச் செய்தார்கள் என்பதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. இந்தச் சம்பவத்தை ஆதாரம் காட்டுவோர் தலையணையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கவசத்தை மறந்துவிடுகிறார்கள். புகாரியில் வரும் இன்னொரு சம்பவத்தில், மணமுடிக்க விரும்பிய ஓர் ஏழைத் தோழரிடம் இடுப்புத் துணியைத் தவிர வேறொன்றும் இல்லை. இரும்பு மோதிரமாவது தேடிப் பார்க்கும்படி நபியவர்கள் அவரிடம் சொன்னார்கள். அதுவும் கிடைக்காதபோது, அவர் மனனம் செய்திருந்த குர்ஆன் அத்தியாயங்களை வைத்து மணமுடித்துக் கொடுத்தார்கள். பெண் தரப்பில் கேட்டுப் பார் என்று சொல்லவில்லை.

நாட்டின் சட்டமும் இதில் குறுக்கே நிற்கவில்லை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் நம் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வரதட்சணை வாங்குபவரைப் போலவே கொடுப்பவரையும் அது குற்றவாளியாகவே பார்க்கிறது. ஆனால் கேட்காமல் கொடுக்கப்படும் அன்பளிப்புக்கு விலக்கு அளிக்கிறது. அது வழக்கத்தை ஒட்டியதாக, கொடுப்பவரின் வசதியை மீறாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 'நாங்கள் கேட்கவில்லை' என்ற நம் வாசகம் பதுங்கியிருப்பது இந்த விலக்கின் நிழலில்தான். குழுக்கடன் வாங்கிய ஒரு விதவைத் தாய் கொடுத்த கட்டில் அவளுடைய வசதிக்கு உட்பட்டதா என்று எவரும் விசாரிப்பதில்லை.

இத்தனையும் பேசிய பிறகு, தங்கையிடம் வெறும் கையோடு 'வாங்காதே' என்று சொல்ல எனக்கு முகமில்லை. "உன் மகன் தன் மனைவிக்குத் தானே கட்டில் செய்யட்டும், நான் கூட நிற்கிறேன்" என்றேன். தங்கை மகன் பெங்களூரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை இரண்டு நாள் விடுப்பில் வருவான். கேட்டதும் முதலில் தயங்கினான். பிறகு, "சரி மாமா, யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம்" என்றான். யூடியூபை நம்பாமல் எங்கள் தெரு ஆசாரியாரிடம் அழைத்துப் போனேன்.

அவர் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "செய்த கட்டில் எந்த வாசல் வழியாக உள்ளே போகும் பாய்?" என்றார். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. தங்கை வீட்டு அறை வாசல் இரண்டரை அடி. அதன் முன்னால் குறுகிய நடை. ஆறேகால் அடிக்கு ஐந்தடிக் கட்டிலை மொத்தமாக ஒட்டி முடித்திருந்தால் வாசலிலேயே நின்றிருக்கும். தலைமாடு ஒரு துண்டு, கால்மாடு ஒரு துண்டு. இரண்டையும் இணைக்கும் நீளச் சட்டங்களை மட்டும் போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும்படி வைக்க வேண்டும் என்று தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினார்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. தங்கை வீட்டுக் கொல்லையில், சுவரைத் தள்ளிக்கொண்டு ஒரு வேம்பு நின்றது. வேம்பில் பூச்சி எளிதில் அண்டாது. மரமும் சொந்த மரம், ஹலால். அதையே அறுத்துச் சட்டமாக்கி, மூன்று வாரம் நிழலில் அடுக்கிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டோம். ஆசாரியார் வெளியூர் போயிருந்தார், காத்திருக்கப் பொறுமையில்லை. சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் துளையிட்டு, கொட்டாப்புளியால் அடித்து இறக்கினோம். கைக்கு இறுக்கமாக, அழகாக உட்கார்ந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது தலைமாடு கிழவரின் பல்லைப் போல ஆடியது. பச்சை மரம் உலர உலர அகலத்தில் சுருங்குகிறது, நீளத்தில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. எனவே கழுந்து மெலிந்து துளைக்குள் தளர்ந்துவிட்டது. ஓர் அங்குலக் கனமுள்ள பலகை காற்றில் உலர ஏறத்தாழ ஓராண்டு வேண்டும் என்பது ஆசாரிகளின் கணக்கு. நாங்கள் கால்களுக்கு மூன்றங்குல மரம் போட்டிருந்தோம். ஆசாரியார் வந்து பார்த்தார். எங்களைத் திட்டவில்லை. "ஓதுகிற பிள்ளையை ஒரே மாதத்தில் ஹாபிஸ் ஆக்கிவிடுவீர்களா பாய்?" என்று மட்டும் கேட்டார்.

தங்கை மகன் மனம் உடைந்துபோனான். நிகாஹுக்கு மூன்று மாதமே இருந்தது. தங்கையோ, "இப்போதாவது அவர்களிடம் சொல்லிவிடலாமா?" என்றாள். பென்னாகரத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த நிலைகளும் உத்தரங்களும் விற்பனைக்கு இருப்பதாக ஆசாரியார் சொன்னார். பல்லாண்டுகள் கூரைக்குக் கீழே காய்ந்த மரம் அது. இனி சுருங்க அதில் ஒன்றுமில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது சுமார் 4 கன அடி. அவன் தன் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கினான். வண்டியில் ஏற்றும்போது, "இது என் காசு மாமா" என்று சொன்னான். நாங்கள் செய்த எல்லாவற்றிலும் எனக்கு நிறைவளித்தது அந்த ஒரு வார்த்தை.

பழைய மரத்தில் ஒளிந்திருக்கும் ஆணி இழைப்புளியின் அலகை உடைக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டையையும் காந்தத்தால் தடவிப் பார்த்து ஆணிகளைப் பிடுங்கினோம். அளப்பதற்கே இரண்டு நாள் ஆனது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த இறைவன், கவசத்தின் கண்ணிகளை அளந்து இணைக்கும்படி பணித்ததாக ஸபஉ அத்தியாயத்தில் வருகிறது. எத்தனையோ ஆண்டுகளாக அந்த வசனத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறேன். ஒரு நபிக்கு அளவைப் பற்றி ஏன் கட்டளை வர வேண்டும் என்பது, கால் அங்குலம் தவறிப்போன என் மூன்றாவது கழுந்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. சட்டத்தைக் கூட்டியபின் நான்கு மூலையும் செங்கோணமா என்று அறிய, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்திருந்தால் சரி. எங்களுக்கு முதலில் முக்கால் அங்குலம் வேறுபட்டது. கயிறு கட்டி முறுக்கி இழுத்தோம். நடுவே ஒரு சட்டமும் அதற்கு ஒரு தாங்குகாலும் கொடுத்து, குறுக்கே 12 ரீப்பர்களை அடித்தோம். ஐந்தடி அகலத்துக்கு நடுத்தாங்கல் இல்லாவிட்டால் ரீப்பர்கள் தொய்ந்துவிடுமாம். இதுவும் ஆசாரியார் சொன்னதே. அவருக்குரிய கூலியை நாள் கணக்கில் கொடுத்தோம். 'நட்புக்குச் செய்தேன்' என்றவரை வற்புறுத்தி வாங்கச் செய்தோம்.

கையால் செய்யும் தொழிலைத் தாழ்வாகப் பார்க்கும் மனநிலை நம்மிடம், குறிப்பாக என் போன்ற ஓதிய வகுப்பாரிடம், எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் பலகைகளாலும் ஆணிகளாலும் ஆனது என்று கமர் அத்தியாயம் வர்ணிக்கிறது. மஸ்ஜிதுந் நபவியின் மிம்பரைச் செய்ததும் ஓர் அன்சாரிப் பெண்ணிடம் வேலை செய்த தச்சர்தான். அந்த மிம்பரின் வழிவந்த மிம்பர்களில் நின்றுதான் நாம் பயான் செய்கிறோம். நம் தமிழ் முஸ்லிம்களிடமும் இந்தக் கைத்திறன் இல்லாமல் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில், தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, நூல்போல மெலிதாக்கிப் பாய் நெய்பவர்கள் நம் லெப்பைக் குடும்பத்தார். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பது அவ்வூர் வழக்கம். கட்டிலே இல்லாமல் அப்படியொரு பாயில் தொடங்கிய வாழ்க்கைகள் எதிலும் குறைந்துவிடவில்லை. நபியவர்களின் விரிப்பு ஈச்ச நார் அடைத்த தோல் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அவர்களின் விலாவில் பாயின் தடம் பதிந்திருப்பதைக் கண்டு உமர் (ரலி) அழுத சம்பவம் நாம் அறிந்ததே. ஒரு வீட்டில் கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்கு என்ற எச்சரிக்கையும் உண்டு. நம் சீர்ப் பட்டியலில் எத்தனையாவது விரிப்பு வரை போய்விட்டோம் என்று அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

எல்லா மாப்பிள்ளைகளும் உளி பிடிக்க வேண்டும் என்பது என் வாதமன்று. கடையில் வாங்கட்டும், ஆசாரியிடம் செய்யச் சொல்லட்டும், பாயோடு தொடங்கட்டும். அது எதுவானாலும் மாப்பிள்ளையின் காசாக இருக்கட்டும். "பெண்ணுக்குத் தகப்பன் ஆசையாய்க் கொடுப்பதையும் தடுப்பீர்களா?" என்று ஒரு சகோதரி கேட்டார். தடுக்க மாட்டேன். ஆசையாய்க் கொடுப்பவர் அடுத்த ரமளானிலும் கொடுக்கலாம், மகள் பிள்ளை பெற்றபோதும் கொடுக்கலாம். நிகாஹுக்கு முந்தைய நாள், ஊரார் பார்க்க, வண்டியில் ஏற்றித்தான் கொடுக்க வேண்டுமென்றால் அதில் ஆசை எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்பதை அவரே அறிவார்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மணமக்களுக்கு வரும் அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டே மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. நம் நிகாஹ் தஃப்தரில் மஹரை எழுதும் பக்கத்திலேயே, மணமக்கள் உறங்கப்போகும் கட்டில் யார் செலவில் வந்தது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அபராதம் வேண்டாம், ஊர்விலக்கு வேண்டாம். அந்த வரியை நிரப்பும்போது மாப்பிள்ளையின் பேனா சற்று நேரம் நிற்கும். குத்பா ஓதும் நானும் அருகில் இருந்து அதைப் பார்க்க நேரும்.

கட்டில் ஷஅபான் கடைசியில் முடிந்தது. பெண்ணின் தகப்பனார் பண்ணவாடிக் கரைக்காரர். நாகமரைத் துறைக்குப் படகில் வந்து, அங்கிருந்து பேருந்தில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து கழுந்தைத் தடவிப் பார்த்தார். "மாப்பிள்ளையே செய்ததா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்து, மெத்தைக்கும் கட்டிலுக்குமாகக் கொடுத்திருந்த முன்பணத்தைக் கடைக்காரரிடம் திருப்பிக் கேட்கலாமா என்று தணிந்த குரலில் கேட்டார். தாராளமாகக் கேளுங்கள் என்றேன்.

பீரோ மட்டும் வந்துவிட்டது. நிகாஹுக்கு முந்தைய நாள் தங்கை வீட்டு வாசலில் இறங்கியது. அதை ஏற்கெனவே வாங்கிவிட்டாராம், திருப்பித் தர முடியாதாம். தங்கையின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நான் கவனிக்காதது போல் இருந்துவிட்டேன். அது மணப்பெண்ணின் பொருள், சாவி அவளிடம்தான் இருக்க வேண்டும் என்று தங்கை மகனிடம் சொல்லி, அவன் கையாலேயே சாவியைக் கொடுக்கச் செய்தேன். கட்டிலின் இடது பின்கால் தரையில் சரியாகப் படியாமல் இலேசாக ஆடுகிறது. ஆசாரியார் அதற்கொரு சிறு கட்டை செதுக்கித் தந்திருக்கிறார். தங்கை மகன் அடுத்த விடுப்பில் வரும்போது அடித்துவிட வேண்டும்.